கரையான் தின்னாத காகிதம்

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை அழகம்மாள் விடிந்ததிலிருந்து எத்தனை தடவை சொன்னாள் என்பது கறம்பக்குடியில் அந்தத் தெருவுக்கே தெரியும். வாடகை நாற்காலி கொண்டுவந்தவரிடம் சொன்னாள். பூக்காரியிடம் சொன்னாள். கேசரி கிண்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். கேட்க ஆள் இல்லாதபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

அவள் பதற்றத்தில் நியாயம் இருந்தது. இளையவள் ரஞ்சிதாவுக்கு இதற்கு முன் இரண்டு இடம் கூடிவந்து தட்டிப்போயின. மூன்றாவதாக வந்தவன்தான் ஆலங்குடியில் உரக்கடை வைத்திருக்கும் வெற்றிசெல்வன். போன வாரம் பெண் பார்த்துவிட்டு வீடு போய்ச் சேருவதற்குள், பிடித்திருக்கிறது என்று போன் போட்டுச் சொல்லிவிட்டான். ரஞ்சிதாவுக்கும் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அவள் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் ஒருவருடைய வருமானச் சான்றிதழை இன்னொருவர் பெயரில் பதிந்து வைத்தபோதே விஷயம் வெளியே வந்துவிட்டது.

குறை ஒன்றே ஒன்றுதான். அக்கா திலகவதி வரவில்லை.

அக்கா புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். இரண்டாவது பிள்ளை, ஏழு மாதம் முடிந்துவிட்டது. கணவன் சரவணக்குமார் மஸ்கட்டில். மாமியார் வள்ளிக்கண்ணுதான் மருமகளையும் நாலு வயதுப் பேத்தி யாழினியையும் பார்த்துக்கொள்கிறாள். கால் வீங்கிக் கிடக்கும் பிள்ளைத்தாய்ச்சியைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில், அடுத்தது புகுந்த வீட்டில் என்பது இரண்டு குடும்பத்துக்கும் பழகிப்போன வழக்கம். அதனால் இந்த முறை அக்காவுக்கு எல்லாமே அங்கிட்டுத்தான்.

ஒன்பதரை மணிக்கு வீடியோ கால் வந்தது.

"எங்க, திரும்பு பாப்போம்," என்றாள் திலகவதி. "முந்தானைய இன்னுங் கொஞ்சம் இறக்கி விடு புள்ள."

ரஞ்சிதா முந்தானையை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். "அக்கா, என்ன ஒன் மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு?"

"மூஞ்சி மட்டுமா? கால் மெட்டி கழட்ட வரல. சோப்புப் போட்டும் வரல. நேத்து சாயங்காலத்துல இருந்து தலைவலி வேற. அத்தை தைலம் தேச்சு விட்டாங்க, சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தாங்க. ஒண்ணுக்கும் கேக்கல."

"டாக்டர்ட்ட போனியா?"

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி செக்கப் போனேன்ல? எல்லாம் சரின்னுதான் சொன்னாங்க. இது வெயிலு. கண்ணு முன்னாடி பொட்டுப் பொட்டாப் பறக்குது. ஒன் சேலை என்ன கலருன்னே தெரியல. பச்சையா, நீலமா?"

சேலை நல்ல அரக்கு நிறம்.

ரஞ்சிதா பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அழகம்மாள் கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். "போனையே பாத்துக்கிட்டிருந்தா தலை வலிக்காம என்ன செய்யும்? லைட்ட அணைச்சிட்டுப் பேசாமப் படு. பூ வச்சு முடிஞ்சதும் நானே வாரேன்." சொல்லிவிட்டுத் துண்டித்தாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கை நடுங்கியது. ராகு காலத்து நடுக்கம் என்று ரஞ்சிதா எண்ணிக்கொண்டாள்.

அந்தக் கை வழக்கமாகச் செய்யாத ஒன்றையும் செய்தது. இடுப்புச் சாவிக்கொத்தை உருவி மகளிடம் நீட்டியது. "பீரோவுல மேல் தட்டுல அட்டிகை இருக்கு. எடுத்துப் போட்டுக்க. அவுக கிளம்பிட்டாகளாம்."

அந்தச் சாவி அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கி ரஞ்சிதா பார்த்ததே இல்லை. பீரோவில் என்ன இருந்தாலும் அம்மாதான் எடுப்பாள், அம்மாதான் வைப்பாள்.

மேல் தட்டில் அட்டிகை இல்லை. கீழ்த் தட்டில், அம்மாவின் கூறைப்புடவை மடிப்புக்குள் ஏதோ தட்டையாகக் கையில் தட்டுப்பட்டது. நகைப் பெட்டியாக இருக்குமென்று உருவினாள். நீல நிறப் பிளாஸ்டிக் ஃபைல். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெயர். அதன் கீழே: திலகவதி, வயது 25. ஜூன் 2021.

ரஞ்சிதா அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இந்த ஃபைல் இருக்கவே கூடாதே!

அஞ்சு மாதத்துக்கு முன்னால், அக்காவை முதல் செக்கப்புக்கு அழைத்துப் போனதே அவள்தான். அங்கிருந்த நர்ஸ் நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். முதல் பிரசவத்தில் பி.பி. இருந்ததா? வலிப்பு வந்ததா? ஏன் சிசேரியன்? பழைய ஃபைல் எங்கே? அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "எனக்கு மயக்கமாயிருச்சு. கண்ணு முழிச்சப்ப பிள்ளை பொறந்திருச்சு," என்றாள். ரஞ்சிதாதான் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அம்மா தடங்கலே இல்லாமல் சொன்னாள்: "வலிப்புமில்ல, ஒண்ணுமில்ல. பிள்ளைக்குத் தண்ணி வத்திப்போச்சு, அதான் ஆபரேஷன். ஃபைலைக் கரையான் தின்னுருச்சு." ரஞ்சிதா அப்படியே நர்ஸிடம் ஒப்பித்தாள். அவர் அதை எழுதிக்கொண்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அது ஊரடங்குக் காலம். ரஞ்சிதாவுக்குக் கொரோனா வந்து ஆலங்குடியில் சித்தப்பா வீட்டு மாடியறையில் அடைந்து கிடந்தாள். அக்காவின் மாமியார் புதுக்கோட்டையிலிருந்து வர வழியில்லை. பத்து நாள் கழித்துத்தான் பேத்தி முகத்தையே பார்த்தாள். அத்தான் மஸ்கட்டில். அந்த நாட்களில் அக்காவோடு இருந்தவர்கள் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான்.

ஃபைலைத் திறந்தாள். ஊரார் கொண்டுவரும் இங்கிலீஷ் காகிதங்களை நாள் முழுக்கப் படித்துச் சொல்கிறவளுக்கு இதைப் படிக்க ஆள் தேவைப்படவில்லை. எக்லாம்ப்சியா: பிள்ளைத்தாய்ச்சிக்கு பி.பி. ஏறி வருகிற வலிப்பு. வீட்டில் ஒருமுறை, வரும் வழியில் ஒருமுறை, ஆஸ்பத்திரியில் ஒருமுறை என்று மூன்று தடவை வலிப்பு. பி.பி. 190/120. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாலு நாள். குழந்தை ஒரு கிலோ எண்ணூறு.

கடைசிப் பக்கத்தில் யாரோ ஒரு டாக்டர் பொறுப்பாகத் தமிழிலேயே எழுதியிருந்தார். 'அடுத்த கர்ப்பத்திலும் இது வரலாம். மூன்றாம் மாதமே இந்தச் சீட்டைக் காட்டவும். பன்னிரண்டாவது வாரத்திலிருந்து மாத்திரை தேவைப்படும். தலைவலி, முகவீக்கம், கண் மங்கல் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரவும்.' கண் மங்கலுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது.

அதற்கும் கீழே, 'படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டேன்' என்ற வரி. வரிக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. 'ழ' மட்டும் மற்ற எழுத்தைவிடப் பெரிதாக. ரேஷன் கடையிலிருந்து பேங்க் வரைக்கும் ரஞ்சிதா பார்த்துப் பழகிய கையெழுத்து அது.

பச்சையா, நீலமா என்று அக்கா கேட்டது திரும்பத் திரும்பக் காதில் கேட்டது.

அடுக்களைக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. ஃபைலை அம்மா முகத்துக்கு நேரே நீட்டினாள். அழகம்மாள் அதைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியை வாசல் கோலம் கலையாமல் இருக்கிறதா பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இது என்னம்மா?"

"மெதுவாப் பேசு."

"கரையான் தின்னுருச்சுன்னு சொன்னியே! நானும் அந்த நர்ஸம்மாகிட்ட சொன்னேனே!"

"வேற என்ன சொல்லச் சொல்ற?" அழகம்மாளின் குரல் கிசுகிசுப்பாகவே இருந்தது. "ராத்திரி பாத்ரூம் போயிட்டு வந்தவ அப்படியே விழுந்து வெட்டி வெட்டி இழுத்தா. வாயில நுரை. நான் என்னத்தக் கண்டேன்? இந்தா, இந்தச் சாவிக்கொத்தத்தான் அவ கையில திணிச்சேன், இரும்பு குடுத்தா நிக்கும்னு. நிக்கல. ஒங்கப்பா கார் புடிச்சு வர்றதுக்குள்ள என் உசுரே போயிருச்சு."

"அதை ஏம்மா மறைச்ச?"

"காக்கா வலிப்புக்காரின்னு சொல்லுவாக புள்ள! கட்டிக் குடுத்து ஒரு வருசங்கூட ஆகல. ஏமாத்திக் கட்டி வச்சுட்டாகன்னு அவ மாமியா திருப்பி அனுப்பிட்டா? அதுக்குப் பொறவு ஒன்னைய எவன் வந்து கேப்பான்? அந்தக் குடும்பத்துல வலிப்பு ஓடுதுன்னு ஒரு வார்த்தை வெளிய போனாப் போதும்."

"இது அந்த வலிப்பு இல்லம்மா! பி.பி. ஏறி வந்தது. இதுல தெளிவா எழுதியிருக்கு. நீ கையெழுத்துப் போட்டிருக்க!"

"போட்டேன். இல்லங்கல. எட்டு மாசத்துலதான் அப்ப வந்துச்சு. இப்ப ஏழுதானே முடிஞ்சிருக்கு? இவுக போனதும் அடுத்த பஸ்ஸுக்கு நானே போயி ஆஸ்பத்திரில காட்டிருவேன்னு மனசுல வச்சிருக்கேன்." மகளின் கையைப் பிடித்தாள். "ஒரு மணி நேரம் ஆத்தா. பூவ மட்டும் வச்சிரட்டும். ஒனக்காகத்தானே இத்தனையும்."

ஒனக்காக. அந்தச் சொல்தான் ரஞ்சிதாவை அடித்துப்போட்டது. நாலு வருஷமாக அக்காவின் உயிர் தன் கல்யாணத்துக்காகப் பீரோவில் பூட்டிக் கிடந்திருக்கிறது. தனக்கு அது தெரியவே தெரியாது. யார் கேட்டார்கள் இப்படி ஒரு சீதனத்தை? அம்மாவின் கையை உதறினாள்.

"அக்காவுக்கே தெரியாதா இது?"

"நினைவே இல்லாமக் கிடந்தவ. அவளுக்கு எப்படித் தெரியும்?"

வாசலில் வேன் வந்து நின்றது. "வாங்க வாங்க," என்று அப்பா ஆண்டியப்பனின் குரல் கேட்டது. தேங்காய் பழத் தட்டுகளோடு ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாயார் ராஜாமணி தானே மல்லிகைத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

ரஞ்சிதா அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அப்போதும் அப்படியே. வள்ளிக்கண்ணுவுக்குப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"என்னாத்தா, பூ வச்சாச்சா?"

"அத்தை, அக்கா எங்க?"

"தூங்குறா. இப்பத்தான் ஒரு தடவை வாந்தி எடுத்தா. ஜன்னலச் சாத்தி, ஃபேனப் போட்டு விட்டுருக்கேன். நல்லாத் தூங்கட்டும், எழுப்ப வேணாம்."

முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அடுக்களைக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. வள்ளிக்கண்ணுவின் குரல் அறுந்து அறுந்து கேட்டது. கொல்லைப்பக்கம் போனால் அங்கே சுத்தமாகக் கிடைக்காது. அந்த வீட்டில் போன் ஒழுங்காகப் பேசக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்: முன்னறை, ஜன்னலோரம். இப்போது அந்த ஜன்னலுக்கடியில்தான் ராஜாமணி உட்கார்ந்திருந்தார்.

அழகம்மாள் கதவில் குறுக்கே நின்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று.

ரஞ்சிதா அவளை ஒதுக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பெண் தானாகவே வந்து நிற்பதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். யாரோ நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். அவள் ஜன்னலருகே போய் நின்று போனைக் காதில் வைத்தாள்.

"அத்தை, நல்லாக் கேளுங்க. அக்காவ உடனே எழுப்புங்க. அக்காவுக்கு மொதப் பிரசவத்துல வலிப்பு வந்திருக்கு. மூணு தடவை. பி.பி. ஏறி வந்திருக்கு. தண்ணி வத்திப்போச்சுன்னு சொன்னது பொய். எங்க வீட்டுல மறைச்சிட்டோம்."

சிரிப்பு நின்றுவிட்டது. கேசரி விளம்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அத்தை, 108-க்குப் போன் போடுங்க. இப்பத் தலைவலி, வீக்கம், கண்ணு மங்கல் எல்லாமே அதே மாதிரிதான் இருக்கு. நான் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புறேன். ஆஸ்பத்திரில காட்டுங்க."

"என்னாத்தா சொல்ற நீ?" வள்ளிக்கண்ணுவின் குரல் இறங்கிப்போயிருந்தது. பிறகு அவள் ஓடுவது கேட்டது. கதவு படீரென்று திறந்தது. "தெலகா! ஏ தெலகா! எந்திரி ஆத்தா!" கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ தூரத்திலிருந்து அக்காவின் குரல் குழறிக்கொண்டு வந்தது: "அத்தை, லைட்டப் போடுங்க. இருட்டா இருக்கு."

"லைட்டு எரியுதுடி," என்றாள் வள்ளிக்கண்ணு. போன் துண்டிக்கப்பட்டுவிட்டது.

ரஞ்சிதா அங்கேயே குந்தினாள். ஃபைலின் கடைசிப் பக்கத்தைத் தரையில் விரித்துப் போட்டோ எடுத்து அனுப்பினாள். மூன்று முறை எடுத்தும் கலங்கலாகவே வந்தது. நாலாவதில் எழுத்துத் தெரிந்தது.

நிமிர்ந்தபோது அறையில் எல்லோர் கண்ணும் அவள்மேல் இருந்தது. ஆண்டியப்பன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். ராஜாமணி மடியில் வைத்திருந்த மல்லிகைத் தட்டை எடுத்துப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். கோபமா, இரக்கமா, ஒன்றும் முகத்தில் தெரியவில்லை.

"பூவு தட்டுலயே இருக்கட்டும்," என்றார். "மொதல்ல புள்ளயப் பாருங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் பேசிக்கொள்ள என்ன மிச்சம் இருக்கும் என்று ரஞ்சிதா அப்போது யோசிக்கவில்லை. வெற்றிசெல்வன் எழுந்து சட்டைப்பையில் வேன் சாவியைத் தேடினான். "பஸ்ஸுக்கு நிக்காதீங்க. ஏறுங்க," என்றான்.

வேன் ஆலங்குடியைத் தாண்டியது. அழகம்மாள் பின் சீட்டில் சாமி பெயரை எல்லாம் ஒன்று விடாமல் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ரஞ்சிதா முன்னால் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பிய படத்துக்குக் கீழே இரண்டு நீல டிக் விழுந்திருந்தது. அத்தை பார்த்துவிட்டாள். அவ்வளவுதான் தெரியும்.

"ஒங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான் வெற்றிசெல்வன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"காலையில பத்து மணிக்குத்தான் தெரியும்."

அவன் தலையாட்டினான். நம்பினானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஐந்து வயதிலிருந்து கூடப் படுத்து வளர்ந்த அக்காவுக்கு நடந்தது தனக்குத் தெரியாது என்று வேறொருத்தி சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.

புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதி வாசலில் வள்ளிக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை தோளில் வாந்திக் கறை. காலில் செருப்பில்லை. யாழினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். இவர்களைக் கண்டும் எழுந்திருக்கவில்லை.

"ஆம்புலன்ஸ விட்டு இறக்கி உள்ள கொண்டுபோயி ஊசி குத்துறாக, அப்பவே இழுக்க ஆரம்பிச்சிருச்சு," என்றாள் ரஞ்சிதாவிடம். "நாக்கக் கடிச்சுக்கிட்டா. ரத்தம். நாலு பேரு புடிச்சும் நிக்கல. நான் ஆம்பளப் பிள்ளை மூணு பெத்தவ. இந்த மாதிரி ஒண்ண நான் கண்ணால பாத்ததில்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுல ஜன்னலச் சாத்திப் படுக்க வச்சிருந்தேனே. தூங்கட்டும்னு கதவையும் சாத்தியிருந்தேனே."

அழகம்மாள் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

உள்ளேயிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. வள்ளிக்கண்ணுவின் போனை அவர்தான் வைத்திருந்தார். திரையில் அந்தச் சீட்டு.

"இதை அனுப்பினது யாரு?"

"நான்தாங்க. தங்கச்சி."

"நல்ல வேளை அனுப்புனீங்க. பாத்ததும் மக்னீசியம் ஊசி போட ரெடியா இருந்தோம். வலிப்பு ஒண்ணோட நின்னுச்சு." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா நிலைமை நல்லா இல்லைங்க. பி.பி. இன்னும் இறங்கல. ரத்தத்த உறைய வைக்கிற தட்டணு குறைஞ்சுக்கிட்டே வருது. லிவரும் பாதிச்சிருக்கு. குழந்தைக்கு முப்பத்தோரு வாரந்தான். இருந்தாலும் வெளிய எடுத்தாகணும், அதுதான் வைத்தியம். தட்டணு கம்மியா இருக்கறதுனால ஆபரேஷன்ல ரத்தப்போக்கு ஆகலாம். ரெண்டு உயிருக்குமே ஆபத்து இருக்கு. மறைக்காமச் சொல்றேன்."

மறைக்காமல் என்ற வார்த்தையில் அழகம்மாளின் தலை குனிந்தது.

"மொதல்ல வந்தா ரெண்டாவதுலயும் கண்டிப்பா வருங்களா?" ரஞ்சிதா கேட்டாள். இப்போது அதைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் கேட்டாள்.

"எல்லாருக்கும் வராது. ஆனா மத்தவங்களவிட இவங்களுக்கு வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். தெரிஞ்சிருந்தா மூணாம் மாசத்துலயே மாத்திரை ஆரம்பிச்சிருப்போம், அடிக்கடி வரச்சொல்லி பி.பி. பாத்திருப்போம். இவங்க கார்டுல பழைய பிரசவத்துல சிக்கல் இல்லன்னு எழுதியிருக்கு." டாக்டர் கோபப்படவில்லை. அவர் குரலில் களைப்புதான் இருந்தது. "ஆபரேஷனுக்குக் கையெழுத்து வேணும். வீட்டுக்காரர் வெளிநாடுன்னாங்க. யார் போடுறீங்க?"

அழகம்மாள் முன்னால் வந்தாள். "நான் அவளப் பெத்தவ. நான் போடுறேன்." காகிதத்தையும் பேனாவையும் வாங்கினாள்.

அப்போதுதான் வள்ளிக்கண்ணு எழுந்தாள். அதுவரை அழகம்மாள் பக்கம் திரும்பாதவள் நேராக வந்து, சம்பந்தியின் விரலுக்கிடையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. திட்டவும் இல்லை.

"ஒரு தடவை நீங்க கையெழுத்துப் போட்டது போதும், சம்மந்தி."

சுவரில் காகிதத்தை வைத்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். வள்ளிக்கண்ணு. எழுதி முடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. அழகம்மாள் வெறும் கையோடு நின்றாள். ரஞ்சிதாவுக்கு அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே நேரம் அந்த வெறுங்கையைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். திலகவதியின் முகம் அடையாளம் தெரியாமல் உப்பியிருந்தது. உதட்டோரம் காய்ந்த ரத்தம். மெட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள். மருந்து மயக்கத்தில் கண் பாதி திறந்திருந்தது.

"ரஞ்சி?" நாக்குத் தடித்திருந்ததால் பேச்சு ஒட்டி ஒட்டி வந்தது. "எனக்கு வலிப்பு வந்துச்சாமே. நர்ஸம்மா சொன்னாக. யாழினி பொறந்தப்பவும் இப்படித்தானா?"

அழகம்மாள் வாயைத் திறந்தாள்.

"ஆமாக்கா," என்றாள் ரஞ்சிதா. "அப்பவும் இப்படித்தான்."

திலகவதி, பார்வை சரியாக இல்லாத கண்ணால் ஒவ்வொருவராகத் தேடினாள். "எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள். "எனக்கு மட்டுந்தான் தெரியாதா?"

பதிலுக்கு நிற்காமல் ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்விட்டது. தியேட்டர் கதவு மூடியது.

வெற்றிசெல்வன் நாலு டீ வாங்கி வந்து பெஞ்சில் வைத்தான். யாரும் தொடவில்லை. அவன் போன் மூன்று முறை அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. மூன்று முறையும் எடுத்துக்கொண்டு தூரமாகப் போய்ப் பேசினான். என்ன பேசினான் என்று ரஞ்சிதா கேட்கவில்லை. மஸ்கட்டிலிருந்து அத்தானின் அழைப்பு வந்தது. அதை வள்ளிக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டாள். "இருக்கா, இருக்கா," என்று மட்டும் மகனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள் அவள்.

தன் கையில் ஏதோ குத்துவதை ரஞ்சிதா அப்போதுதான் கவனித்தாள். பீரோச் சாவிக்கொத்து. கறம்பக்குடியிலிருந்து இறுக்கிப் பிடித்தபடியே வந்திருக்கிறாள். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது. அதை அம்மாவின் மடியில் வைத்தாள். அழகம்மாள் அதை இடுப்பில் செருகிக்கொள்ளவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. நர்ஸ் ஒருவர் பச்சைத் துணிப்பொதியைக் கையில் ஏந்தி வந்தார். அவ்வளவு சின்னப் பொதிக்குள் ஓர் உயிர் இருக்குமென்று நம்ப முடியவில்லை.

"திலகவதியோட ஆளுங்க யாரு? ஆம்பளப் பிள்ளை. ஒரு கிலோ இருநூறு. மூச்சு விடக் கஷ்டப்படுறான், இன்குபேட்டர்ல வைக்கணும். ஒருத்தர் மட்டும் கூட வாங்க."

வள்ளிக்கண்ணு எழுந்து போனாள். நாலு எட்டு நடந்தவள் நின்று திரும்பினாள்.

"எம் மருமக எப்படியிருக்கா?"

நர்ஸ் பொதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரத்தம் நிக்கல. ரத்தம் குடுக்கறவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க. மீதிய டாக்டர் வந்து சொல்வாங்க."

ரஞ்சிதா பட்டு ரவிக்கையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டே ஓடினாள். "எனக்கும் அக்காவுக்கும் ஒரே குரூப்புங்க. எங்க குடுக்கணும்?"

பின்னாலேயே இன்னொருத்தர் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. அம்மாவா, வெற்றிசெல்வனா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.